மண்ணுக்குள் போன ஆறு எண்கள்

அத்தியாயம் ஒன்பது

வியாழக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கிய இரண்டு அட்டைப்பெட்டிகளும் ஞாயிறு காலை வரை கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தன. யாரும் பிரிக்கவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் வேலாயி மட்டும் குனிந்து, பெட்டிகளின் மேல் ஒரு துளி திருநீறு தூவிவிட்டு நிமிர்வாள்.

அவள் மகன் விஜிதரன் தன் கையால் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிய கம்ப்யூட்டர் அது. கொழும்பில் ஒரு கடையில் அவனுக்கு அதுதான் வேலை. "ராணி, உனக்குப் புத்தம் புதுசா ஒண்ணு நானே பூட்டிக் கொண்டாந்து தர்றேன்" என்று தங்கை ஜீவராணியிடம் சொல்லியிருந்தான். பூட்டியும் முடித்துவிட்டான். கொண்டுவரத்தான் அவன் இல்லாமல் போனான். டெங்குக் காய்ச்சல் அவனைப் படுக்க வைத்தது; எழுப்பவில்லை. நான்கு மாதத்துக்கு முன்னால் அவன் ஒரு பெட்டியில் வீடு வந்தான். அவன் பூட்டிய கம்ப்யூட்டர் இப்போதுதான் இன்னொரு பெட்டியில் வந்து சேர்ந்திருக்கிறது.

"அத யாருக்காவது குடுத்துருங்க. இந்த லயத்துக்கு அதெல்லாம் எதுக்கு?" என்று பெட்டி வந்த அன்றே அப்பா அழகுமுத்து சொல்லிவிட்டார். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், அந்த ஒற்றை அறைக் காம்பராவுக்குள் அந்தச் சொல் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. மகன் கையால் செய்த பொருளை அப்பா ஏன் வேண்டாம் என்கிறார் என்று ஜீவராணிக்கு விளங்கவில்லை. கேட்கவும் அவளுக்கு வாய் வராது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட நாளிலிருந்து அவள் பேச்சு குறைந்துதான் போயிருந்தது.

ஆனால் இன்று பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டும். ஹட்டனில் ஒரு அச்சுக்கடைக்காரர், கல்யாண அழைப்பிதழ்களை வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து அனுப்பும் வேலையை அவளுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். நாளை திங்கட்கிழமை முதல் தாளை அனுப்ப வேண்டும். தவறினால் வேறு ஆள்.

பத்து மணிவாக்கில் பிரதீபன் வந்தான். விஜிதரனோடு அதே கடையில் வேலை செய்தவன். கொழும்பில் ஒரே போர்டிங்கில் வாடகைக்குத் தங்கியிருந்தவன். பக்கத்துத் தோட்டத்துக்காரன். வாசலிலேயே நின்று, சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்தான். அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியது. விஜிதரன் அதில் யாரோ அதட்டியதைப் போல விறைத்துப்போய் இருந்தான்.

"வேற நல்ல படம் இல்லையா மாமி?"

"எங்க தம்பி? எல்லாத்தையும் அவன் போனுலதானே வச்சிருந்தான்" என்றாள் வேலாயி. "சிரிச்ச மாதிரி ஒண்ணுகூட இல்ல. சிரிக்காம அவன் இருந்ததே இல்ல."

அரிசி டிரங்குப் பெட்டியின் மேல் கம்ப்யூட்டரை ஏற்றினார்கள். காம்பராவில் இருந்த ஒரே பிளக்கில் தண்ணீர் சுடவைக்கும் கேத்தல் சொருகியிருந்தது. பிரதீபன் அதைக் கழற்றி, தான் கொண்டுவந்திருந்த நீட்டு ஒயரைச் சொருகினான்.

"இங்க சிக்னல் எப்பிடி?"

ஜீவராணி மேலே கையைக் காட்டினாள். லயத்துக்குள் போன் பேசலாம், இன்டர்நெட் சிக்னல்தான் வராது. கூரைத் தகரத்துக்கு மேலே துணி காயப்போடும் கொடிக்கம்பை உயர்த்தி, அதன் நுனியில் போனைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தொங்கவிட்டால்தான் இரண்டு கோடு காட்டும்.

"நம்ம ஊரு டவர் அதுதானே!" என்று சிரித்தபடி பிரதீபன் அவளுடைய போனில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து, பையில் போட்டு முடிச்சிட்டான். அந்தக் காம்பராவில் நெடுநாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. அவனுக்கே அது சங்கடமாகிவிட்டது போல, சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

பொத்தானை அழுத்தினான். மின்விசிறி மெல்ல உறுமியது. திரை கறுத்து, பிறகு வெளுத்தது. அதில் ஒரு பெயர் வந்தது.

விஜிதரன்.

வேலாயி எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். படித்து முடித்ததும் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"பூட்டி முடிச்சதும் சரியா ஓடுதான்னு பார்க்க, அவன் கணக்கையே போட்டிருக்கான்" என்றான் பிரதீபன். "மாமி, இது நல்லதுதான். அவன் எடுத்த போட்டோ, அவன் பேசிப் பதிஞ்சது எல்லாம் இந்தக் கணக்குலதான் இருக்கும். உள்ளுக்குப் போயிட்டோம்னா எல்லாம் இதுல இறங்கிரும்."

"பேசினதா? அவன் குரலா?"

"ஆமா மாமி. பஸ்ஸுல வரும்போதெல்லாம் எதையாவது பதிஞ்சுக்கிட்டே வருவான்."

வேலாயி திரைக்குக் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள், இப்போதே பேசிவிடும் என்பதைப் போல.

ஆனால் கம்ப்யூட்டர் உள்ளே விடவில்லை. புது இடம், புது இணைப்பு. நீதான் அவனா என்று கேட்டது. அவனுடைய போனுக்கு ஆறு இலக்கத்தில் ஒரு எண் அனுப்புவதாகவும், அதைப் பார்த்து அடிக்கும்படியும் சொன்னது. பிரதீபன் யோசிக்காமலே அழுத்திவிட்டான்.

"சரி, போச்சு. அவன் போன் எங்க? எடுத்துட்டு வாங்க."

வேலாயி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"தம்பி, அது அவன்கிட்டதானே இருக்கு" என்றாள் வேலாயி.

பிரதீபனுக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. தோட்டத்தில் யார் இறந்தாலும், அவர்கள் கைவிடாமல் வைத்திருந்த பொருளைப் பெட்டிக்குள் வைத்துத்தான் மூடுவார்கள். வெற்றிலைப் பை, கண்ணாடி, சீட்டுக்கட்டு என்று ஏதாவது ஒன்று. மேட்டு லயத்துச் சின்னராசாவுக்கு ரேடியோவையே வைத்தார்கள், அதுவும் புது பேட்டரி போட்டு. விஜிதரனுக்குப் போனைத் தவிர வேறு என்ன வைப்பது? வேலாயிதான் அதைத் துடைத்துக் கணவன் கையில் கொடுத்தாள். "அது இல்லாம அவனுக்குத் தூக்கம் வராது, தலமாட்டுல வச்சிருங்க" என்று. அழகுமுத்து வாங்கிக்கொண்டு பெட்டிப் பக்கம் குனிந்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

"அப்ப..." என்று பிரதீபன் தலையைச் சொறிந்தான். இன்னொரு தடவை அனுப்பிப் பார்த்தான். மூன்றாவது தடவையும். வேறு வழியாகக் கேட்குமோ என்று பார்த்தான். கேட்கவில்லை.

"ராணி, சொல்றேன்னு கோவிக்காத. இத மொத்தமாத் துடைச்சுட்டு உன் பேர்ல புதுசா போட்டுரலாம். அரை மணித்தியாலம். நாளைக்கு நீ வேலையத் தொடங்கலாம்."

"துடைச்சா?"

"அவன் பேரு இதுல இருக்காது. அந்தக் கணக்கு எங்கயோ இருக்கும். ஆனா தொறக்க நமக்கு வழி இல்ல."

ஜீவராணி திரையில் இருந்த பெயரைப் பார்த்தாள். நாளைய வேலை அவளுக்கு வேண்டும். வெயிலிலும் மழையிலும் கொழுந்துக்கூடை சுமந்து தோள் இறங்கிப்போன அம்மாவை வீட்டில் உட்கார வைக்க வேண்டும் என்பதுதான் அண்ணனும் அவளும் போட்ட கணக்கு. அந்தக் கணக்குக்காகவே அவன் இதைப் பூட்டினான். அதற்காக இப்போது அவனையே துடைக்க வேண்டுமாம்.

"துடைக்காத" என்றாள் வேலாயி. குரல் தணிந்திருந்தது. "தம்பி, போன் மண்ணுக்குள்ள இருந்தா அந்த எண் அதுக்கு வந்திருக்குமா?"

"போன் இந்நேரம் அணைஞ்சிருக்கும் மாமி. ஆனா சிம் கெடாது. சிம்ம எடுத்து வேற போன்ல போட்டா எண் வரும்." சொல்லி முடித்த பிறகுதான் எதைச் சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. "ஐயோ, மாமி, நான் சும்மா..."

வேலாயி எழுந்துவிட்டாள். கதவுக்குப் பின்னால் சாய்த்திருந்த மம்பட்டியை எடுத்தாள்.

"அம்மா! என்னாம்மா செய்றீங்க?"

"எம் புள்ள தலமாட்டுல இருக்குறத நான் எடுக்குறேன். யாரு என்ன கேக்க?"

செருப்புகூடப் போடாமல் இறங்கிவிட்டாள். மகனைப் புதைத்த வடக்கு மலைக்குப் போகும் குறுக்குப் பாதையில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே, தோளில் மம்பட்டியோடு போகும் அம்மாவை ஜீவராணி பார்த்தாள். பின்னால் ஓடினால் தன்னால் தடுக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். அம்மாவைத் தடுக்கக்கூடியவர் ஒருவர்தான். அப்பா காவல் நிற்கும் இஸ்டோருக்கு அவள் ஓடினாள்.

தேயிலை அரைக்கும் அந்தப் பெரிய இஸ்டோரின் கேட்டில், காவல் கூண்டுக்கு வெளியே அழகுமுத்து நின்றிருந்தார். அந்தக் குளிரிலும் நெற்றி வியர்த்திருந்தது. காக்கிக் கோட்டின் இடப்பக்கப் பையைக் கையால் பொத்திப் பிடித்திருந்தார்.

"அப்பா... அம்மா மம்பட்டி எடுத்துக்கிட்டுப் பொதைகாட்டுக்குப் போறாங்க..."

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். கம்ப்யூட்டர், பெயர், ஆறு எண், சிம். இத்தனை வார்த்தைகளை அவள் ஒரே மூச்சில் பேசி நெடுநாளாகியிருந்தது. அப்பா திட்டுவார் என்று நினைத்தாள். அவர் திட்டவில்லை.

"எத்தன வாட்டி அனுப்புனீங்க?" என்று கேட்டார்.

"மூணு வாட்டிப்பா."

"ம். மூணு வாட்டியும் வந்துச்சு."

அவர் கையைப் பையிலிருந்து எடுத்தார். ஓரத்தில் கீறல் விழுந்த கண்ணாடி, நீல உறை. அண்ணனின் போன்.

"அப்பா! நீங்க வைக்கலையா?"

"வைக்கத்தான் குனிஞ்சேன். தலகாணியத் தூக்கி வைக்கப் போறேன், இது அடிக்குதும்மா. சத்தம் இல்ல, என் கையில கெடந்து துடிக்குது. ஓரத்துல பேரு வருது. அடிச்சுக்கிட்டு இருக்குறத எப்பிடிம்மா மண்ணுக்குள்ள வைக்கிறது?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜீவராணி அவர் தோள் குலுங்கி அடங்கும்வரை காத்திருந்தாள்.

"கோட்டுப் பையில போட்டேன். அன்னைலருந்து ஒரு நாள்கூட அணைய விடல. இங்க கூண்டுல சார்ஜ் போடுவேன். காசு முடிஞ்சா ரீலோட் போடுவேன். தொறக்க எனக்குத் தெரியாது, பூட்டு போட்டிருக்கான். மேல வந்து போறத மட்டும் பார்ப்பேன்."

"எங்ககிட்ட ஏம்பா சொல்லல?"

"அம்மா மொகத்தப் பார்த்து எப்பிடிச் சொல்ல? தலமாட்டுல வச்சேன்னு சொல்லிட்டேன். தெனமும் அவ அங்க போயி, போன் இருக்குற பக்கமாப் பார்த்துப் பேசிட்டு வர்றா."

அதனால்தான் கம்ப்யூட்டரை வேண்டாம் என்றாரா? அந்தப் பெட்டி திறந்தால் தன் பையும் திறந்துவிடும் என்று அவருக்கு எப்படியோ தெரிந்திருக்க வேண்டும்.

அண்ணனின் எண் இன்னும் ஜீவராணியின் போனில் இருந்தது. எத்தனையோ தடவை அதன் மேல் விரலை வைத்து, அழுத்தாமல் எடுத்திருக்கிறாள். போன் அணைந்திருக்கிறது என்று யாரோ ஒரு பெண் குரல் சொல்லுமே, அதைக் கேட்கப் பயம். அழுத்தியிருந்தால் அப்பாவின் நெஞ்சுக்குப் பக்கத்தில் அது துடித்திருக்கும்.

கூட வேலை செய்யும் கஜேந்திரனிடம் கேட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இருவரும் மலையேறினார்கள்.

வேலாயி தோண்டியிருக்கவில்லை. மேட்டின் அருகில் உட்கார்ந்து, முளைத்திருந்த புல்லைக் கையால் பிடுங்கிக்கொண்டிருந்தாள். மம்பட்டி பக்கத்தில் கிடந்தது. மகளைக் கண்டதும் நிமிர்ந்தாள்.

"எந்தப் பக்கம் தல வச்சோம்னு குழம்பிப் போச்சு ராணி. தூக்குனேன், எறக்க முடியல. தலையில பட்டுட்டா?"

அழகுமுத்து அவள் அருகில் வந்தார். குனிந்து, போனை அவள் மடியில் வைத்தார்.

வேலாயி அதைப் பார்த்தாள். கீறலை விரலால் தடவினாள். பிறகு எடுத்துக் கன்னத்தில் வைத்தாள்.

"சூடா இருக்கே" என்றாள்.

அப்பாவின் பைக்குள் இருந்த சூடு அது. அவளுக்கும் அது விளங்கிய கணத்தில் முகம் மாறியது.

"நாலு மாசமா நான் மண்ணுகிட்டப் பேசிக்கிட்டிருந்தேனா? நீங்க பைக்குள்ள வச்சுக்கிட்டு, எம் பக்கத்துலயே படுத்துக்கிட்டு, பார்த்துக்கிட்டு இருந்தீங்களா?"

"வேலாயி..."

"பேசாதீங்க. நான் கண்ணத் துடைச்சுக்கிட்டு வீட்டுக்கு வரும்போதெல்லாம் 'போயிட்டு வந்துட்டியா'ன்னு கேட்டீங்களே! எந்த வாயால கேட்டீங்க?"

மலைக்கு மேலே மேகம் கவிழ்ந்துகொண்டிருந்தது. வேலாயி எழுந்து, போனைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு இறங்கினாள். மம்பட்டியை அழகுமுத்து தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

வீட்டு வாசலில் பிரதீபன் தவித்துப்போய் நின்றிருந்தான். போனைக் கண்டதும் அவன் முகம் வெளுத்தது. உள்ளே போய் மறுபடியும் எண்ணை அனுப்பினான்.

டிரங்குப் பெட்டியின் மேல் வைத்திருந்த போன் துடித்து வெளிச்சம் போட்டது. பூட்டைத் திறக்காமலே, மேல் ஓரத்தில் ஆறு எண்களும் வந்து நின்றன. ஜீவராணி ஒவ்வொன்றாக அடித்தாள். ஒன்று தவறியது. அழித்து மறுபடி அடித்தாள்.

திரை திறந்தது.

முழுத்திரைக்கும் ஒரு படம் வைத்திருந்தான். அவன் முகம் இல்லை. லயமும் இல்லை, தோட்டமும் இல்லை. நீலச் சுண்ணாம்பு அடித்த ஒரு சிறு சமையலறை ஜன்னல். வெளியே பக்கத்துக் கட்டடத்துச் சுவர். ஜன்னல் கட்டையில் டப்பாவில் நட்ட துளசி. அதற்குப் பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த இரண்டு தேநீர்க் கோப்பைகள்.

"இது எங்க தம்பி? உங்க போர்டிங்கா?" என்று வேலாயி கேட்டாள்.

பிரதீபன் விசைப்பலகையைப் பார்த்தபடி சொன்னான். "எங்க போர்டிங்ல ஜன்னலே கெடையாது மாமி."

"அப்ப எங்க?"

அவன் பதில் சொல்வதற்குள் படம் மறைந்துவிட்டது. நாலு மாதமாக அணைந்து கிடந்த கம்ப்யூட்டர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளப் போகிறதாம். அப்டேட் முடியும்வரை அணைக்க வேண்டாம் என்று நீலத்திரையில் எழுதி, ஒரு சிறு வட்டம் சுற்றத் தொடங்கியது.

"குரல் எப்ப வரும்?"

"இது முடியணும் மாமி. கொஞ்சம் நேரமாகும். கரண்ட் போகாம இருக்கணும்."

அந்த நேரம் பார்த்து மழை இறங்கியது. கூரைத் தகரத்தில் கல்லைக் கொட்டியது போலச் சத்தம். "அய்யோ, பையோட முடிச்சு!" என்று பிரதீபன் எழுவதற்குள் அழகுமுத்து குடையோடு வெளியே போய்விட்டார். ஜன்னல் வழியே பார்த்தாள் ஜீவராணி. கவிழ்த்து வைத்திருந்த பீப்பாயின் மேல் ஏறி நின்று, ஒரு கையால் கொடிக்கம்பைப் பிடித்து, மறு கையால் அந்தப் பிளாஸ்டிக் பைக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார் அப்பா. அவர் மேல் மழை கொட்டியது. யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொன்னவர்.

வேலாயியும் அதைப் பார்த்தாள். கொடியில் கிடந்த துவாலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்போது டிரங்குப் பெட்டியின் மேல் விஜிதரனின் போன் துடித்தது. இது எண் வரும் துடிப்பு இல்லை. விட்டுவிட்டு, நிற்காமல் துடித்தது. யாரோ கூப்பிடுகிறார்கள்.

ஜீவராணி குனிந்து பார்த்தாள். வெளிச்சத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது.

வீடு.

அண்ணன் போனில் அம்மாவின் எண் 'அம்மா' என்றும், தன்னுடையது 'ராணி' என்றும் இருப்பதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். இந்தக் காம்பராவில் வேறு போன் கிடையாது.

"அதுதான்!" ஜன்னலுக்கு வெளியிலிருந்து மழைக்கு மேலே அப்பாவின் குரல் வந்தது. "அன்னைக்கும் அதே பேருதான். நீங்கதான் அடிக்கிறீங்கன்னு நெனச்சுத் திரும்பிப் பார்த்தேன். நீங்க ரெண்டு பேரும் பெட்டியப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தீங்க. யாரு கையிலயும் போன் இல்ல. ஞாயித்துக்கெழமை ஆனா இப்பிடித்தான் அடிக்கும்."

"ஒரு நாளாவது எடுத்துக் கேட்டிருக்கலாமே அப்பா!"

"எடுத்தா சொல்லணுமே ராணி. அவன் இல்லன்னு இன்னொருத்தருக்கு நான் சொல்லணுமே."

பிரதீபன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். அது எந்த வீடு என்று அவனுக்குத் தெரியும் என ஜீவராணிக்குப் பட்டது.

போன் துடித்துத் துடித்து டிரங்குப் பெட்டியின் ஓரத்துக்கு நகர்ந்தது. விழப்போன நேரத்தில் வேலாயி கையை நீட்டி அதைப் பிடித்தாள். உள்ளங்கையில் வைத்து அந்தச் சொல்லைக் கூட்டிப் படித்தாள். நீலத்திரையை ஒரு தடவை பார்த்தாள். அந்த ஜன்னலும் இரண்டு கோப்பைகளும் இருந்த இடம் அது.

"எடு" என்று மகளிடம் நீட்டினாள். அவள் கண்ணில் இப்போது தண்ணீர் இல்லை. "நம்ம வீடு இங்க இருக்கு. அது எந்த வீடுன்னு கேளு."

ஜீவராணி பச்சையைத் தள்ளினாள். காதில் வைத்தாள். தொண்டையைச் செருமினாள்.

"ஹலோ" என்றாள்.

பதில் வரவில்லை. எங்கோ ஒரு குழாயிலிருந்து பாத்திரத்தில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு யாரோ அந்தக் குழாயை மெல்ல மூடினார்கள்.